மியோ தலை குனிந்த வீடுகள்

எங்கள் கடலோர ஊரான ஹிராசேயில் மழை பெய்தால்கூட மன்னிப்புக் கேட்போம். விருந்தாளி நனைந்துகொண்டு வந்து நின்றால், "இந்த மழையில உங்கள வரவச்சுட்டோமே, மன்னிச்சுக்கிடுங்க" என்று வாசலிலேயே தலை குனிவோம். மழையை நாங்கள் அனுப்பவில்லை என்று வந்தவருக்கும் தெரியும். நாய் குரைத்ததற்கு, கல்யாணம் நின்றுபோனதற்கு, வீட்டுப் பிள்ளை பட்டணத்து வேலையை விட்டுவிட்டு வந்ததற்கு, எதற்கானாலும் ஒரு பெட்டி பயற்று இனிப்பைத் துணியில் முடிந்துகொண்டு வீடு வீடாகப் போவது எங்கள் வழக்கம். வாங்கிக்கொள்கிறவர் "ஐயோ, இதெல்லாம் எதுக்கு" என்பார். அத்தோடு விஷயம் முடியும். இனிப்பு பெரும்பாலும் தொண்டையில் அடைக்கும், அது வேறு கதை.

மியோவும் அப்படித்தான் போனாள். அதில்தான் அந்த வீடு மூழ்கியது.

மியோவின் வீடும் என் வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை. குரஹாசி முதலாளியின் சிப்பிக் கொட்டகையிலும் அவள் முக்காலி என் முக்காலிக்குப் பக்கத்தில். குளிர்காலம் முழுக்க எங்களுக்கு அதுதான் பிழைப்பு. கடலில் மூங்கில் மிதவை கட்டி, அதிலிருந்து கம்பிகளில் சிப்பிகளைத் தொங்கவிட்டு வளர்ப்பார்கள். கம்பியோடு தூக்கிக் கொண்டுவந்து எங்கள் முன்னால் கொட்டுவது ஆண்கள் வேலை. விடிவதற்கு முன்பே உட்கார்ந்து, ஓட்டின் விளிம்பில் கத்தியை நுழைத்து, உள்ளே பிடித்துக்கொண்டிருக்கும் தசையை அறுத்து, சதை கிழியாமல் வாளியில் போடுவது பெண்கள் வேலை. கையுறைக்குள் விரல் மரத்துப்போகும். நாக்கு மட்டும் மரக்காது. ஊரில் எந்த மருமகள் எப்போது எழுந்தாள் என்பதற்கெல்லாம் அங்கேதான் தீர்ப்பு.

மியோவின் புருஷன் தெய்சோ முதலாளியின் மிதவைகளைப் பார்த்துக்கொள்கிறவர். பேச்சு குறைவு. அவர் வாய் திறந்து நான் அதிகம் கேட்டதே எங்கள் கொட்டகையின் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றித்தான். அதன் ஒரு கால் ஆடும். சிப்பி ஓட்டை அடியில் கொடுத்து ஒப்பேற்றி வைத்திருந்தோம். ஒருநாள் மதுக்கடையில் எல்லோரும் இருக்கும்போது தெய்சோ, "அந்த அடுப்ப மாத்துங்க முதலாளி. இல்லன்னா ஒருநாள் கொட்டகையே எரியப்போகுது, பாருங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வருடக் கடைசியில் ஒரு சாயங்காலம், நாங்கள் வேலை முடிந்து வீடு வந்த கொஞ்ச நேரத்தில், கொட்டகை நிஜமாகவே எரிந்தது.

சாம்பல் ஆறுவதற்குள் தெய்சோவைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. மதுக்கடையில் அவர் சொன்னது இப்போது மிரட்டலாகிவிட்டது. கொட்டகைக்குப் பின்னால் தெய்சோவின் சின்னப் படகைப் பார்த்த மாதிரி இருந்தது என்று குரஹாசி சொன்னார். 'மாதிரி இருந்தது' என்பது போலீஸ் காகிதத்தில் ஏறும்போது 'பார்த்தேன்' ஆனது.

மறுநாள் காலையில் மியோ என் வீட்டுக் கதவைத் தள்ளினாள்.

"சதோக்கா, பேருந்து நிலையத்துப் பக்கம் அந்த இனிப்புக் கடை தொறந்திருக்குமா?"

"எதுக்குடி இப்ப?"

"ஊர் பூரா போலீஸ் வண்டி சுத்துதுல்ல. எல்லாருக்கும் சிரமம். முதல்ல முதலாளி வீட்டுக்குப் போகணும்."

"உன் வீட்டுக்காரர் என்ன பண்ணாருன்னு போற?"

"ஒண்ணும் பண்ணல. அதுக்காகப் போகாம இருக்க முடியுமா?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஹிராசேயில் யாருக்குத்தான் படாது? நானும் கூடப் போனேன். குரஹாசி வீட்டு வாசற்படிக்கு உள்ளே, சில்லென்ற சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தாள் மியோ. "எங்க வீட்டு ஆளால உங்களுக்கு இவ்வளவு தொந்தரவு. மன்னிச்சுக்கிடுங்க." முதலாளி மனைவி பெட்டியை வாங்கிக்கொண்டு, வழக்கம்போல "ஐயோ, இதெல்லாம் எதுக்கு" என்றாள். அங்கிருந்து தெருவில் ஒரு வீடு விடாமல் குனிந்துவிட்டு வந்தோம். மியோவின் முழங்காலில் தோல் உரிந்திருந்தது.

அதன் பிறகு பல நாள் தெய்சோவைப் பற்றித் தகவலே இல்லை. பிறகு, அவர் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று செய்தித்தாளில் வந்தது. வழக்கு கோர்ட்டுக்குப் போன பிறகுதான் கோர்ட்டே ஒரு வக்கீலைப் போட்டுக் கொடுத்தது. நிஷினா என்று பெயர். நாற்பது வயதிருக்கும். கோட்டில் ஒரு பொத்தான் இல்லை. வாசலில் நின்று சரியாகத் தலைகூடக் குனியாமல், "தெய்சோ வீடு இதுதானே? பசிக்குது, பேசிக்கிட்டே சாப்பிடலாமா?" என்று கேட்டபடி உள்ளே வந்தாள். இந்தப் பொம்பளையை நம்பியா என்று நான் மியோவைப் பார்த்தேன்.

மியோ முள்ளங்கியும் சிப்பியும் போட்டு மிசோ குழம்பு கொதிக்க வைத்திருந்தாள். வக்கீலம்மா இரண்டாவது கிண்ணம் வாங்கிக்கொண்டுதான் பேச ஆரம்பித்தாள்.

"உங்க வீட்டுக்காரர் தீ வச்சேன்னு விரல் ரேகை வச்சுட்டாரும்மா."

"அவரு வைக்கல."

"வைக்கலன்னுதான் எங்கிட்டயும் சொல்றாரு. ஒண்ணு கேக்குறேன், யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க முதலாளி வீட்டுக்குப் போயி மன்னிப்புக் கேட்டீங்களா?"

"கேட்டேன். கேக்காம?"

வக்கீலம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அத வச்சுத்தான் அவர உடைச்சிருக்காங்க. விடிஞ்சதுலருந்து பொழுது அடையுற வரைக்கும் கேள்வி. அவரும் சளைக்காம இல்ல, இல்லன்னுதான் சொல்லிட்டு இருந்திருக்காரு. அப்புறம் ஒரு ஆளு வந்து பக்கத்துல உக்காந்து, 'உன் பொண்டாட்டியே தரையில விழுந்து மன்னிப்புக் கேட்டுட்டாய்யா. அவளுக்கே தெரிஞ்சுபோச்சு. இன்னும் யாருக்காக அடம் பிடிக்கிற'ன்னு சொல்லியிருக்கான். அன்னைக்கே ரேகை வச்சுட்டாரு."

குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. மியோ அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நான்தான் எழுந்து அணைத்தேன்.

"நான் வழக்கத்துக்குத்தானே போனேன்…"

"தெரியும்மா. நானும் இந்த நாட்டுல பொறந்தவதான்."

"நான் அவரப் பாக்கணும். நேர்ல சொல்லணும்."

"விடமாட்டாங்க. செய்யலன்னு மறுத்துப் பேசுறவங்களுக்கு ஜாமீனும் கிடையாது, வீட்டு ஆளுங்கள பாக்கவும் முடியாது. என்ன மட்டுந்தான் விடுவாங்க. என்ன சொல்லணும், சொல்லுங்க."

"ஊர் வழக்கத்துக்குத்தான் போனேன், வேற நெனப்பு இல்லன்னு சொல்லுங்க."

"சொல்றேன். இனிமே நீங்க யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கக் கூடாது. ஒருத்தர்கிட்டயும். கால மிதிச்சாக்கூட."

"கால மிதிச்சா என்ன பண்ணுறது?"

"'வலிக்குதா'ன்னு கேளுங்க. போதும்."

அடுத்த தடவை வக்கீலம்மா வந்தபோது மியோ வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "சொன்னீங்களா? என்ன சொன்னாரு?"

"சரின்னாரு."

"அவ்வளவுதானா?"

"வடக்கு மிதவையில கம்பி மாத்துனாங்களான்னு கேட்டாரு."

அந்தச் 'சரி'யை வைத்துக்கொண்டு மியோ அந்த வருடத்தை ஓட்டினாள். என்ன மாதிரி 'சரி' என்று வக்கீலம்மாவிடம் திரும்பத் திரும்பக் கேட்பாள். தலையை ஆட்டிச் சொன்னாரா, தரையைப் பார்த்துச் சொன்னாரா? வக்கீலம்மாவும் சலிக்காமல் பதில் சொல்வாள். பட்டணத்துச் சிறைக்கு நாள் தவறாமல் போய், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, சிப்பி கொழுத்திருக்கிறது, மியோவுக்கு இருமல் நின்றுவிட்டது என்று அவரிடம் ஒப்பித்துவிட்டு வருவாள். சட்டம் படித்தவள் செய்கிற வேலையா இது என்று நான் ஒருமுறை கேட்டேன். "இதுலதான் அவரு நிக்கிறாரு. நான் ரெண்டு நாள் போகலன்னா வேற எவனாவது போயி உக்காருவான்" என்றாள்.

மன்னிப்புக் கேட்காமல் ஹிராசேயில் இருப்பது சட்டையில்லாமல் நடப்பது மாதிரி. முதலாளியின் அம்மாவுக்கு நினைவு நாள் வந்தது. மியோ போய் ஊதுபத்தி வைத்துக் கும்பிட்டாள். சொல்லவேண்டிய அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் திரும்பினாள். எரிந்த இடத்தில் தார்ப்பாய் கட்டி நாங்கள் சிப்பி உடைத்துக்கொண்டிருந்த காலம் அது. காற்று பாயைத் தூக்கித் தூக்கி அடிக்கும், கடல் தண்ணீர் முகத்தில் தெறிக்கும்.

"என்ன நெஞ்சழுத்தம் பாத்தியா" என்று எதிர் முக்காலியிலிருந்து ஒருத்தி ஆரம்பித்தாள். "புருஷன் கொட்டகைய எரிச்சுப்புட்டான். இவ தலைகூடக் குனியல."

"வக்கீலு சொல்லிக் குடுத்திருக்கா. தப்பில்லன்னா எதுக்கு வக்கீலு?"

"உன் வாளிய பாருடி" என்றேன் நான். "எல்லாம் கிழிஞ்ச சதையா கெடக்கு."

மியோ நிமிரவில்லை. அந்த அடுப்பின் காலைப் பற்றி அங்கிருந்த ஒருவரும் பேசவில்லை. புது அடுப்பு ஒன்று நான்கு காலில் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. வக்கீலம்மா வந்து ஒவ்வொருத்தியாகக் கேட்டபோதும், பழைய அடுப்பா, கவனிக்கலையே என்றார்கள். குரஹாசி கூலியில் சோறு தின்கிற வாய்கள்தானே எல்லாம். நான் மட்டும், அதன் கால் ஆடியது என்று சொன்னேன். அடுத்த வாரம் என் முக்காலி தார்ப்பாய் ஓரத்துக்கு, காற்று நேராக அடிக்கிற இடத்துக்குப் போனது.

பனி கொட்டிய ஒருநாள் வக்கீலம்மா வந்து, சாப்பாடு கேட்காமல் உட்கார்ந்தாள்.

"ஒத்துக்கிட்டு முடிச்சிருவோம்னு சொல்றாரும்மா. தப்புதான்னு கோர்ட்ல குனிஞ்சா தண்டனைய நிறுத்திவச்சு வசந்த காலத்துக்குள்ள வீட்டுக்கு விட்டுருவாங்கன்னு உள்ள யாரோ காதுல போட்டிருக்காங்க."

"நெசமாவே விட்டுருவாங்களா?"

"விடலாம்."

மியோ ஒரு சிப்பி ஓட்டைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தாள். "அவரு வந்துட்டாப் போதும்னு இருக்கு எனக்கு."

"வருவாரு. கொட்டகைய எரிச்ச தெய்சோவா வருவாரு. வந்து இந்த ஊர்ல எங்க உக்காருவாரு? எந்தப் படகுல ஏறுவாரு?"

"உங்களுக்கென்னம்மா, சொல்லிட்டுப் பேருந்து ஏறிருவீங்க."

மியோ அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. வக்கீலம்மாவுக்கு முகம் சிவந்தது. "ஆமா, ஏறிருவேன்" என்றாள். "முடிவு உங்க ரெண்டு பேரோடது. நான் போயிச் சொல்றது மட்டுந்தான். ஆனா ஒண்ணு. நீங்க எத நெனைக்கிறீங்களோ அதத்தான் அவரு செய்வாரு. போன தடவையும் அப்படித்தான் செஞ்சாரு."

அது மியோவின் நெஞ்சில் போய்த் தைத்தது. ஓட்டைக் கீழே வைத்தாள். "இல்லன்னே சொல்லச் சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய் அழுதாள்.

வக்கீலம்மா எரிந்த இடத்தைப் பலமுறை சுற்றிப் பார்த்திருந்தாள். அப்படி ஒருநாள் பின்பக்கம் நின்றவள், "ஏங்க, தண்ணி எங்க?" என்று கூவினாள். கடல் உள்வாங்கும் வற்றுநேரம் அது. கொட்டகைக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் சேறு. தெய்சோ படகில் வந்து கொட்டகைக்குப் பின்னால் கட்டிவிட்டுத் தீ வைத்ததாகப் போலீஸ் எழுதி ரேகை வாங்கியிருந்தது. தீப்பிடித்த சாயங்காலமும் இதே வற்றுநேரம்தான். ஊருக்கே தெரிந்த விஷயம் அது. யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

அதே மாதிரி கடல் வற்றும் ஒரு நாளைப் பஞ்சாங்கத்தில் பார்த்து, கேமராவோடு வந்தாள். என்னையும் மியோவையும் கரையில் நிறுத்திவிட்டு, யாரிடமோ இரவல் வாங்கிய ரப்பர் பூட்ஸோடு சேற்றில் இறங்கினாள். நான்கு எட்டு வைத்திருப்பாள். கால் தொடை வரை உள்ளே போய்விட்டது.

"ஐயோ வக்கீலம்மா, அசையாதீங்க! பலகை கொண்டாறோம்!"

"பலகை கெடக்கட்டும், முதல்ல போட்டோ எடுங்க! கொட்டகையோட அந்தக் கருகுன சுவரும் சேந்து படத்துல விழணும்!"

நாங்கள் பலகை போட்டு இழுத்தபோது வக்கீலம்மா வந்தாள், பூட்ஸ் வரவில்லை. காலுறையோடு கரையில் நின்று, "இதுல எந்தப் படகுய்யா வரும்" என்று கடலைப் பார்த்துத் திட்டினாள். மியோ வாய்விட்டுச் சிரித்தாள். தெய்சோ போன பிறகு அவள் சிரித்தது அன்று ஒருநாள்தான். ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாதத்துக்கு ஒரு நாள்தான் விசாரணை. மியோவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிய நாளில் நானும் போயிருந்தேன். தெய்சோ கயிறு கட்டிய இடுப்போடு வந்து உட்கார்ந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை. அரசு வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் தப்பே பண்ணலன்னு சொல்றீங்க. அப்ப எதுக்கும்மா மன்னிப்புக் கேட்டீங்க?"

"ஊருக்குச் சிரமமாயிருச்சேன்னு…"

"தப்புப் பண்ணாதவங்களால என்ன சிரமம்?"

கோர்ட்டே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பதில் தெரியாமல் பெரியவர் முன்னால் நின்றால் எங்கள் ஊர்ப் பெண் என்ன செய்வாள்? மியோ குனிந்து, "மன்னிச்சுக்கிடுங்க" என்றாள்.

"பாருங்க, இப்பவும் கேக்குறீங்க" என்று சொல்லிவிட்டு அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார். தெய்சோவின் தோள் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

குரஹாசி சாட்சி சொல்ல வந்தது அதற்கு ரொம்ப நாள் கழித்து. வக்கீலம்மா சேற்றில் நின்ற போட்டோவை நீட்டியதும், படகைப் பார்த்த கதை மறுபடியும் 'மாதிரி இருந்தது' ஆனது. பிறகு அவள் சம்பந்தமில்லாமல் ஒன்றைக் கேட்டாள்.

"முந்தின வருஷப் புயல்ல உங்க மிதவை அறுத்துக்கிட்டுப் போயி மத்தவங்க மிதவையில மோதுச்சா?"

"மோதுச்சு."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"இனிப்பு எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போயி மன்னிப்புக் கேட்டேன்."

"புயல நீங்கதான் வரவழைச்சீங்களா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். குரஹாசிக்குக் காது சிவந்தது. "என்னங்க கேள்வி இது?"

"பின்ன எதுக்குக் கேட்டீங்க?"

"கேக்கணும்ல. ஊர்ல இருக்கணும்ல."

"அவ்வளவுதான்" என்றாள் வக்கீலம்மா. நடு நாற்காலி நீதிபதி குனிந்து எதையோ எழுதிக்கொண்டார்.

மறு குளிர்காலத்தில் தீர்ப்பு வந்தது. குற்றவாளி அல்ல. மியோ தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தெய்சோ நின்ற இடத்தில் நின்று மூன்று நீதிபதிகளுக்கும், அரசு வக்கீலுக்கும், காவலாளிகளுக்கும் வரிசையாகத் தலை குனிந்தார். போலீஸிலிருந்தோ அரசுத் தரப்பிலிருந்தோ ஒருவரும் அவர் பக்கம் வரவில்லை. வாசலில் வக்கீலம்மா மட்டும் அவர்கள் இருவர் முன்னாலும் இடுப்பு வளையக் குனிந்தாள். "இவ்வளவு நாள் ஆக்கிட்டேன்" என்றாள். அவளுக்கு இப்படிக் குனியத் தெரியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஊரில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. வக்கீலு கெட்டிக்காரி, எப்படியோ வெளிய கொண்டாந்துட்டா என்றார்கள்.

வந்தவர் பழைய தெய்சோ இல்லை. காலையில் படுக்கையைச் சுருட்டி வைத்துவிட்டு, கதவைப் பார்த்து முழங்காலில் உட்கார்ந்துகொள்வார். தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால், "குடிக்கலாமா?" என்று மியோவிடம் கேட்பார். முதல் தடவை அவள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. குடியுங்க, போங்க, எழுந்திருங்க என்று சொல்லிச் சொல்லி அவள் குரலே அடங்கிவிட்டது.

அந்த வாரத்தில் ஒருநாள் நான் முள்ளங்கி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வாசலில் குரஹாசி வந்து நின்றார். கையில் துணியில் முடிந்த பெட்டி.

"ரொம்பச் சிரமமாயிருச்சு உங்களுக்கு. மன்னிச்சுக்கிடுங்க" என்று குனிந்தார்.

மியோ பெட்டியை வாங்கவில்லை. "நீங்க என்ன தப்புப் பண்ணீங்க, முதலாளி?"

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "தப்புன்னு இல்ல… ஒரு வழக்கத்துக்கு…"

"தப்பு இல்லன்னா எதுக்கு மன்னிப்பு?"

அப்படிக் கேட்டால் எங்கள் ஊரில் யாருக்கும் பதில் தெரியாது. முதலாளி பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். நான் மனசுக்குள், விடாதே மியோ, இன்னும் கேள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குள் உள்ளேயிருந்து தெய்சோ முழங்காலாலேயே நகர்ந்து வந்து, நெற்றி தரையில் முட்டக் குனிந்தார்.

"எங்களாலதான் உங்களுக்குத் தொந்தரவு. மன்னிச்சுக்கிடுங்க."

"ஐயோ, இதெல்லாம் எதுக்கு" என்றார் குரஹாசி. பெட்டியைப் படியில் வைத்துவிட்டு வேகமாகப் போய்விட்டார். தெய்சோ குனிந்தபடியே இருந்தார். மியோ "எழுந்திருங்க" என்று சொன்ன பிறகுதான் எழுந்தார்.

சிப்பிச் சோறு ஆவி பறக்க இருந்தது. மியோ எனக்கும் ஒரு கிண்ணம் வைத்தாள். மூன்று பேரும் உட்கார்ந்தோம். தெய்சோ கிண்ணத்தைத் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நீ முதலாளி வீட்டுக்குப் போனேல்ல."

உள்ளே இருந்த காலமெல்லாம் வக்கீலம்மாவிடம்கூட அவர் இதைக் கேட்டதில்லை.

"போனேன்."

"நான் செஞ்சேன்னு நெனச்சியா?"

"இல்ல."

"சரி" என்றார்.

வக்கீலம்மா கொண்டுவந்து கொடுத்த அதே 'சரி'தான். அவர் தரையைப் பார்த்துத்தான் சொன்னார். ஊரில் ஒரு வீடு விடாமல் சும்மா கேட்டுத் தீர்த்த மன்னிப்பை அவள் நிஜமாகவே கேட்க வேண்டிய ஒரே ஆள் எதிரில் உட்கார்ந்திருந்தார். இப்போது அந்த வார்த்தையைச் சொன்னால், நினைத்தேன் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அது அவளுக்கும் தெரிந்தது, பக்கத்தில் இருந்த எனக்கும் தெரிந்தது. மியோ தன் கிண்ணத்திலிருந்த பெரிய சிப்பியை எடுத்து அவர் சோற்றின் மேல் வைத்தாள்.

"ஆறிடும்" என்றாள்.

தெய்சோ முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"சாப்பிடலாமா?" என்று கேட்டார்.